சுண்டெலியை வதைக்காமல் வீட்டிலிருந்து வெளியேற்றும் முறை

ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். சமையலறையில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டேன். அடுப்படியில் வைத்திருந்த பசை அட்டையில் ஒரு சுண்டெலி, நான்கு கால்களும் ஒரு பக்கக் கன்னமும் பசையில் பதிந்து கிடந்தது. பிய்த்து எடுத்தால் தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைத் துளித்துளியாக விட்டுப் பஞ்சால் நீவி நீவி விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன் நெஞ்சு படபடத்ததைக் கையுறைக்கு மேலாகவே உணர்ந்தேன். என் மகள் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் பசை அட்டை நின்றது. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை, முதன்முறை முயல்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

விஷக்கட்டியும் வேண்டாம் என்கிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்கள் வாயில் இன்றும் அது பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் தரும் பனை) நடவு தொடங்கியது. செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. அதனால்தான் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடியமர்த்துகிறார்கள். விஷம் தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகப் பல நாள் ஆகும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியை ஓர் ஆந்தையோ பக்கத்து வீட்டுப் பூனையோ பிடித்தால் அந்த விஷம் அதன் உடம்பிலும் ஏறும்.

முதலில், வந்திருப்பது யார் என்று பாருங்கள்

எச்சம் அரிசிமணி போல, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில், நுனி கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்து இருந்தால் பெரிய எலி. நீண்ட கூர்மூக்கும் தனி நாற்றமுமாகச் சுவரை ஒட்டியே ஓடினால் அது மூஞ்சூறு. மூஞ்சூறு எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்வது. பிள்ளையாரின் வாகனம் என்று என் மாமியார் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அது சுவரோரமாகவே வெளியே போய்விடும். அதற்குக் கூண்டு தேவையில்லை.

அடுத்து, வழியைக் கண்டுபிடியுங்கள்

இரவு படுக்கும் முன் சுவரோரங்களிலும் அடுப்புக்குப் பின்னாலும் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் பொட்டுப் பொட்டாகக் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். தடம் எந்த மூலையில் மறைகிறதோ அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீடு கீழ்ப்பாதி கல், மேல்பாதி பலகை. கல்லும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு விரிசல், பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பொந்து, பின்கதவின் அடி இடுக்கு என்று மூன்று வழிகள் கிடைத்தன. பென்சில் நுழையும் ஓட்டை போதும், அதாவது 6 மில்லிமீட்டர். சுண்டெலி புகுந்துவிடும்.

சாப்பாட்டைப் பூட்டுங்கள்

அரிசி மூட்டை, நெத்திலி, கருவாடு, பருப்பு எல்லாம் மூடி இறுகிய டின்னுக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையை ஓர் இரவில் கடித்துவிடும். நாய், பூனைக்கு வைத்த மிச்சச் சோற்றை இரவில் எடுத்துவிடுங்கள்.

ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், ஒன்றைத் தவிர

பலரும் கூண்டில் தொடங்குகிறார்கள். ஒன்றைப் பிடித்து விட்டுவிட்டு வருவதற்குள் அதே பொந்தில் இன்னொன்று வரும். பெண் சுண்டெலி ஆறே வாரத்தில் குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் மூன்று வாரம்தான். வீட்டை அடைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் பிராணிக்கும் வேதனை, நமக்கும் ஓயாத வேலை.

துணி, காகிதம், நுரை எதுவும் நிற்காது, கடித்துவிடும். கோழிவலையும் உதவாது, அதன் கண் பெரிது. பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பி நாரைப் பொந்தில் இறுகத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சாதாரண இரும்பு நார் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பெரிய இடைவெளிக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலையை ஆணியடியுங்கள். கதவடியில் அலுமினியப் பட்டை வையுங்கள். தகரக் கூரையின் நெளிவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை மறக்காதீர்கள்.

ஆனால் நடமாட்டம் அதிகமுள்ள ஒரு வழியை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்தால் உள்ளே இருப்பவை சுவருக்குள் பட்டினியில் சாகும்.

கூண்டு வைப்பது

பெரிய எலிக்கான கம்பிக்கூண்டில் சுண்டெலி நிற்காது, இடைவெளி வழியே போய்விடும். சிறு துளைகள் உள்ள, உயிரோடு பிடிக்கும் பெட்டிக்கூண்டு வாங்குங்கள். நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லுக்கு நிகரான இரை இல்லை. ஓரம் கருகி எண்ணெய் கசியும்வரை வாட்டினால் வாசனை வீடெங்கும் பரவும். உள்ளே கொஞ்சம் மெல்லிய காகிதமும், ஈரத்துக்கு ஒரு வெள்ளரித் துண்டும் போடுங்கள். கூண்டைச் சுவரை ஒட்டி வைத்து மேலே துணி போர்த்துங்கள். இருட்டில் அது அமைதியாக இருக்கும்.

இரவு வைத்தால் படுக்கும் முன் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். மறந்துபோன கூண்டு பசை அட்டையைவிடக் கொடுமை. வெளியூர் போகும் நாளில் கூண்டே வைக்காதீர்கள். வெயில் படும் இடத்திலும் வேண்டாம்.

சிக்கியதன் வயிற்றைக் கூண்டின் வழியே பாருங்கள். முலைக்காம்புகள் எடுப்பாகத் தெரிந்தால் உள்ளே எங்கோ குட்டிகள் இருக்கின்றன. அதைத் திறந்த வழிக்கு அருகிலேயே விட்டுவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். அதற்குள் குட்டிகள் பால்குடி மறந்து தாமாகவே இரை தேடும்.

விடுவது

தொலைவில், காட்டில் விடுவதுதான் கருணை என்று நானும் நினைத்திருந்தேன். பழக்கமில்லாத இடத்தில் ஒளியவும் இரை தேடவும் தெரியாமல் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள், புதரோரம், அந்தி சாயும் நேரத்தில் கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்து விலகி நில்லுங்கள். வீட்டை அடைத்திருந்தால் அருகில் விடப் பயமில்லை.

சுத்தம் செய்வது

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். எலிச் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும். காலில் செருப்பு, கையில் ரப்பர் கையுறை. ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். வேறு எந்தச் சுத்தத் திரவத்தையும் அதோடு சேர்க்கக்கூடாது.

பிறகு மீண்டும் மாவு தூவுங்கள். தொடர்ந்து ஏழு இரவு தடம் எதுவும் விழாவிட்டால், விட்டுவைத்த அந்தக் கடைசி வழிக்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசிவிடலாம்.