ஸ்கிராபிள் ஆடுவோர் பொருளுடன் கற்க வேண்டிய அபூர்வ ஆங்கிலச் சொற்கள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இலண்டனிலிருந்து பெரியப்பாவின் மகனும் ரொறன்ரோவிலிருந்து மாமியின் மகளும் வந்திறங்கினால், எங்கள் வீட்டு விறாந்தையில், எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஸ்கிராபிள் பலகை விரியும். வாக்குவாதமும் கூடவே தொடங்கும். அண்ணா இசட், ஓ ஆகிய இரண்டு கட்டைகளை வைத்துவிட்டு, அது யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த இமயமலைக் கலப்பு மாடு என்பார். அப்படியொரு சொல்லே இல்லை என்பாள் மச்சாள். இருவர் சொல்வதும் சரிதான். ஆட்டத்தில் ஏற்கப்படும் சொற்களைத் தொகுத்து இங்கிலாந்தில் வழங்கும் கொலின்ஸ் பட்டியலில் அச்சொல் உண்டு, வட அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஆகையால் கட்டைகளைக் கையில் எடுக்கும் முன்பே எந்தப் பட்டியல் என்று பேசி முடித்துவிடுங்கள்.

மனனம் செய்வதைக் கியூவில் தொடங்குவது நல்லது. 100 கட்டைகளில் கியூ ஒன்றுதான். அதன் மதிப்பு 10 புள்ளி. யூ நான்கு இருந்தாலும் வேண்டிய வேளையில் அவை கைக்கு வருவதில்லை. ஆட்டம் முடியும்போது கியூ கையிலேயே தங்கிவிட்டால் அந்த 10 புள்ளியும் உங்கள் கணக்கில் கழிபடும். எனவே யூ வேண்டாத சொற்களை அறிந்திருக்க வேண்டும். கியூ, ஐ என்பது சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது, நாம் பிராணன் என்பதற்கு நெருக்கமானது. அதைச் சீ என்று ஒலிப்பார்கள். கியூ, ஏ, ரீ (QAT) என்பது யேமனில் வாயில் அடக்கி மெல்லும் ஓர் இலை. பக்கீரையும் எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என்று எழுதலாம்.

பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் ஐயின் நேர் மேலே எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கியூவையும் அதன் வலப்பக்கத்தில் இன்னோர் ஐயையும் வைத்தால், அந்த இரண்டாவது ஐக்குக் கீழே எதுவும் இல்லாத வரையில், மேலிருந்து கீழாக ஒரு சொல்லும் குறுக்கே ஒரு சொல்லும் அமையும். ஒவ்வொன்றுக்கும் (கியூவுக்கு 30, ஐக்கு 1) 31 வீதம் 62 புள்ளி கிடைக்கும். இரண்டே கட்டைகளுக்கு இது கொள்ளை இலாபம்.

இரண்டெழுத்துச் சொற்களைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்கிட்டுத் தந்திருக்க, நமக்கு இரண்டெழுத்து ஒரு பாரமா? ஏ, ஏ என்பது ஹவாய்த் தீவுகளின் கரடுமுரடான எரிமலைப் பாறை. ஆ என்றால் பசு என்பதால், அப்பாறையில் இரண்டு பசுக்கள் நிற்பதாக நினைத்துக்கொண்டேன், பிறகு மறக்கவேயில்லை. கே, ஏ என்பது பண்டைய எகிப்தியர் நம்பிய உயிர்க்கூறு. தமிழில் கா சோலை ஆதலால், அதைச் சோலையில் உலவும் ஆவியாக்கிக் கொள்ளலாம். ஜே, ஓ ஸ்கொத்லாந்தில் காதலுக்குரியவர்; எக்ஸ், ஐ கிரேக்க எழுத்து; எக்ஸ், யூ வியட்நாமியச் சில்லறைக் காசு. இசட், ஏ பீட்சாவின் வாலை மட்டும் நறுக்கி எடுத்த அமெரிக்கப் பேச்சுச்சொல். (இசட் என்றதும் நம் பிள்ளைகளுக்கு இலங்கையில் இசட் புள்ளி பார்த்துத் தரும் பல்கலைக்கழக அனுமதிதான் நினைவுக்கு வரும், இங்கே அதற்கு யோசனையின்றி 10 புள்ளி.)

நம்மிடமிருந்து போன சொற்களை மறப்பவர்கள்தான் அதிகம். அணைக்கட்டு கொலின்ஸ் பட்டியலில் ஏ, என், ஐ, சி, யூ, ரீ என்று ஆறெழுத்தாக இருக்கிறது. கஞ்சி சி, ஓ, என், ஜி, ஈ, ஈ ஆயிற்று. சுருட்டு சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, ரீ என்று ஏழெழுத்தானது. ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி மேலதிகம் என்பதால், பெருக்கும் கட்டம் எதுவும் படாவிட்டாலும் எழுத்துகளின் 12 உடன் சேர்ந்து அதே 62 வரும். வெட்டிவேரும் ஏழெழுத்துத்தான், ஆனால் அதற்கு இரண்டு வீ வேண்டும். மொத்தமே இரண்டுதான் என்பதால் அதை நம்பிக் காத்திராதீர்கள். மிளகுத்தண்ணீர் 12 எழுத்தாக நீண்டுவிட்டது, பெருமைக்கு ஆகுமே தவிர ஆட்டத்துக்கு ஆகாது.

ஆட்ட விதிப்படி வைத்த சொல்லின் பொருளைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எங்கள் வீட்டில் மாமி அதை ஒப்புக்கொள்வதில்லை. பொருள் தெரியாமல் வைத்தவர் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும். எக்ஸ், யூவை வைத்துவிட்டு அது கிரேக்க எழுத்து என்று சாதித்த அன்று, ஒன்பது பேருக்கு ஊற்றியது நான்தான்.