தூக்கம் வரவில்லையா? காலையிலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் அடுக்குமாடி வீட்டில் பல வருடம் பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு, காற்றாடி சுற்றுவதைப் பார்த்தபடி ஒரு மணி வரை விழித்துக் கிடந்திருக்கிறேன். சீக்கிரம் படுத்தால் தூக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான். சரிசெய்ய வேண்டியது எழும் நேரத்தை என்று புரிய நாளாயிற்று.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி இதயம் இளைப்பாறுகிறது. பகலில் படித்ததை மூளை பதிய வைக்கிறது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத குடும்பத்தை மலேசியாவில் நம்மவர்களிடையே தேட வேண்டியிருக்கிறது, அதனால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

படி 1: எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆறரை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறரைதான். முதல் நாள் இரவு தூக்கம் கெட்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் தூக்கத்தின் தேவை உடம்பில் சேரும். முதல் வாரம் சிரமம்தான். பகலில் தாங்கவே முடியாவிட்டால் இருபது நிமிடம் கண்ணயரலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 2: காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். கண்ணில் வெளிச்சம் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். 1982-இல் கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியாவில் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. நான் ஏழேகாலுக்குக் கீழே இறங்கி, நாசி லெமாக் கடைவரை நடந்து திரும்புவேன். இருட்டிலேயே மோட்டாரில் வேலைக்குக் கிளம்புபவர்கள், முதல் ஓய்வு நேரத்தில் பத்து நிமிடம் வெளியே வந்து நின்றால் போதும்.

படி 3: மதியத்துக்குப் பிறகு தேநீரும் கோப்பியும் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த தே தாரேக் (பால் தேநீர்), இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது! நண்பர்களோடு மாமாக் கடைக்குப் போவதை விட வேண்டாம், லீமாவ் சுவாம் (வெதுவெதுப்பான எலுமிச்சைச் சாறு) கேளுங்கள்.

படி 4: படுக்க ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். இந்தப் புழுக்கத்திலா என்று தோன்றும். ஆனால் தோலுக்கு ரத்தம் ஓடி, கை கால் வழியே உள்சூடு வெளியேறும். உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும்.

படி 5: இருபது நிமிடம்போல ஆகியும் தூங்கவில்லையா? எழுந்து கூடத்துக்கு வந்து மங்கலான விளக்கில் உட்காருங்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள். கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள்.

அப்புறம், குறட்டை. அப்பாவின் குறட்டையை வேலை அசதி என்றே நினைத்திருந்தோம். நடுவில் சத்தம் நின்று, மூச்சும் நின்று, திணறி இழுப்பதை அம்மாதான் ஒருநாள் விழித்திருந்து பார்த்தார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது அப்படி இருந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், பார்த்தவரும் கூடப் போய் மருத்துவரிடம் சொல்லட்டும். தூங்குபவருக்கு அது தெரியாது.