நிரலுக்கு முன்னால் ஒரு தாள்

பொறியியல் மாணவர்களுக்கு முதல்முறையாகக் கணினி வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த நிரல் மொழியைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான். பைத்தான், மேட்லேப், சி எதுவானாலும் சரி. அடுத்த பருவங்களில் உங்கள் துறை ஆசிரியர்கள் எதைப் பயன்படுத்துவார்களோ அதையே எடுங்கள். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: திரையில் வந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று அந்த மாணவருக்குச் சொல்லத் தெரிகிறதா?

ஆகவே, திரையில் வணக்கம் சொல்லும் நிரலோடு வகுப்பைத் தொடங்காதீர்கள். இயற்பியலில் அவர்கள் ஏற்கெனவே படித்த கணக்கு ஒன்றை எடுங்கள். நான் எடுப்பது, காற்றுத் தடையோடு கீழே விழும் பந்து. அதன் முடுக்கம், 9.8-லிருந்து வேகத்தின் வர்க்கத்தை 0.0245-ஆல் பெருக்கிக் கழித்தால் கிடைப்பது. இந்த 0.0245 வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. முற்றுத் திசைவேகம், அதாவது பந்து நெருங்கும் ஆனால் தாண்டாத வேகம், சரியாக விநாடிக்கு 20 மீட்டர் என்று வரும், மனக்கணக்காகவே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணினியை இயக்குவதற்கு முன் தாளில் இரண்டு வேலைகள். வேகம் நேரத்தோடு எப்படி மாறும் என்று வளைகோடு ஒன்றைக் கையால் வரையச் சொல்லுங்கள். பிறகு, ஒரு விநாடி இடைவெளியில் ஆய்லர் முறையால் முதல் மூன்று படிகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். படியின் தொடக்கத்தில் உள்ள முடுக்கம் அந்த இடைவெளி முழுவதும் மாறாது என்று வைத்து அடுத்த வேகத்தைக் கணக்கிடுவதே ஆய்லர் முறை; பந்து ஓய்விலிருந்து விழத் தொடங்குகிறது. 9.8, 17.25, 19.76 என்று வரும். மூன்றாவது படியிலேயே சலிப்பு தட்டும். அந்தச் சலிப்பு எனக்கு வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்தவருக்கு லூப் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் வழி) எதற்கு என்று விளக்க வேண்டியதே இல்லை. எழுதும் முறையை அப்போது சொல்லிக்கொடுங்கள், பத்து நிமிடம் போதும்.

நிரல் ஓடியதும் கால இடைவெளியை மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது விநாடியில் உண்மையான வேகம் 15.06. ஒரு விநாடி இடைவெளி தருவது 17.25, அரை விநாடி தருவது 16.03. இடைவெளி பாதியானால் பிழையும் ஏறத்தாழ பாதியாவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்து இடைவெளியை 3 விநாடியாக்கச் சொல்லுங்கள். முதல் படியில் வேகம் 29.4. இரண்டாவது படியில் மைனஸ் 4.73! விழுந்துகொண்டிருந்த பந்து மேலே போகிறது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, நிரல் ஒழுங்காகத்தான் ஓடியது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முழு வகுப்பும் இதற்கே போனாலும் எனக்குச் சம்மதம். ஏன் இப்படி ஆனது என்று அவர்களே வாதாடட்டும். தொடக்க வேகம் பூஜ்யம் என்பதால், முதல் மூன்று விநாடிக்கும் காற்றுத் தடையே இல்லை என்று கணக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த மூன்று விநாடிக்கு 29.4-க்கு உரிய முழுத் தடையையும் குறையாமல் சுமத்தியது. தாளில் வளைகோடு வரைந்து வைத்தவர்கள் தவறை ஒரே பார்வையில் பிடிப்பார்கள். மற்றவர்கள் அந்த எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

அடுத்த வகுப்பில் 0.1-ஐயும் 0.2-ஐயும் பைத்தானில் கூட்டிக் காட்டுங்கள்: 0.30000000000000004. இது வேடிக்கை அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 1991-இல் வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. இரும எண்ணில் 0.1 முடிவில்லாமல் நீளும். அதை 24 பிட்டில் (இரும இலக்கத்தில்) வெட்டியபோது மிகச் சிறிய பிழை புகுந்தது. சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. ஈராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணையை அந்த அமைப்பு தடுக்கவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். எண்ணைக் கையாளும் பொறுப்பு என்னவென்று மாணவர்களுக்குப் புரிய வேண்டும்.

அலகுகளில் கண்டிப்பாக இருங்கள். மாறியின் பெயரிலேயே அலகு இருக்கட்டும்: விசை_நியூட்டன், நீளம்_மீட்டர். 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு விசை-விநாடி அலகில் தந்த எண்ணை இன்னொன்று நியூட்டன்-விநாடி அலகென்று எடுத்துக்கொண்டது.

பைத்தான் தரும் பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்கப் பழக்குங்கள். ஆய்வகத்தில் இருவர் இருவராக உட்காரவைத்தால், தட்டச்சு செய்பவரைக் கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒருவர் மட்டுமே கற்பார். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நிரல் வாங்கி வருகிறவர்களை நான் தடுப்பதில்லை. தாளில் எழுதிய முன்கணிப்பை மட்டும் கேட்பேன்.

மதிப்பெண்ணும் அதற்கேற்ப இருக்க வேண்டும். நிரல் ஓடினால் பாதி மதிப்பெண் கொடுங்கள். மீதிப் பாதி, விடை எவ்வளவு வரும் என்று முன்பே எழுதிய மதிப்பீட்டுக்கும், வந்த விடையைச் சரிபார்த்த விதத்துக்கும். தேர்வில் ஒரு கேள்வி கட்டாயம் இப்படி இருக்கட்டும்: பிழையின்றி ஓடும் நிரல் ஒன்றையும் அது தந்த விடையையும் அச்சிட்டுக் கொடுங்கள், உள்ளே ஓர் இடத்தில் மில்லிமீட்டரை மீட்டராக எடுத்திருக்கட்டும். விடை ஏன் தவறு, நிரலின் எந்த வரியில் தவறு என்று எழுதச் சொல்லுங்கள்.