கச்சேரியில் வாங்கிய இசைத்தட்டு நெளியாமல் இருக்க

நேரடி இசை நிகழ்ச்சி முடிந்ததும் அரங்க வாசலில் இசைத்தட்டு வாங்குபவரா நீங்கள்? அதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். இந்தத் தட்டைச் செய்யும் வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்தான், சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. வீட்டிலும் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம் போல நேராக நிறுத்துங்கள். எடுக்கும்போது விரல் ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டும் படட்டும்.

அப்புறம், நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்பதாக இருந்தால் ஒரு பக்கம் முழுதாக ஓடட்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம்தான். நடுவில் ஊசியைத் தூக்கிப் பாட்டை மாற்றினால் கீறல் விழலாம் (மாற்றச் சொல்லி ஒருவராவது கேட்பார், அசராதீர்கள்). தட்டைத் திருப்பும் இடைவெளியில் அடுத்த கச்சேரிக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேசி முடித்துவிடலாம்.