கடையின் அகப்பக்கத்தைத் தூசு தட்டுவது எப்படி?

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சுங்கை பட்டாணியிலிருந்து கிளம்பிய ஓர் அம்மா எங்கள் மாமாவின் கடைக்குப் போன் செய்தார். "தம்பி, பெர்ரியில காரை ஏத்திக்கிட்டு வரலாம்னு உங்க பக்கத்துல போட்டிருக்கு. பட்டர்வொர்த்துல நிக்கிறோம், ஏத்த மாட்டேங்கிறாங்களே?" மாமா பதில் தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் பெர்ரிப் படகில் கார் ஏற்றுவது 2020 முடிவோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும்தான் ஏற்றும். நாங்கள் அந்த வரியைத் திருத்தவே இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வெயிலில் திரும்பிப் பாலத்துக்குப் போனதை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது.

மாமாவுக்குப் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடை. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அகப்பக்கம் என் பொறுப்பு. புதிதாக எதையாவது எழுதிப் போட வேண்டும் என்றுதான் எப்போதும் நினைப்பேன். அந்தப் போனுக்குப் பிறகு, முதலில் இருப்பதைப் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

எல்லாப் பக்கங்களையும் ஓர் எக்செல் தாளில் எழுதுங்கள். மெனுவில் தெரிபவை மட்டும் போதாது. கூகிளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் அகப்பக்க முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் மறந்துபோன பக்கங்களும் வரும். எங்களுக்கு வந்த ஒன்றில் 'விலையுடன் 6 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும்' என்று இருந்தது. ஜிஎஸ்டி என்ற அந்தப் பொருள் சேவை வரி மலேசியாவில் 2018 ஜூன் முதல் தேதியே சுழியமாகிவிட்டது!

அடுத்து கூகிள் சர்ச் கன்சோல். உங்கள் பக்கங்கள் கூகிள் தேடலில் எத்தனை முறை தோன்றின, எத்தனை பேர் தட்டினார்கள் என்று காட்டும் கருவி அது. இலவசம்தான். கால அளவை 16 மாதம் என்று வையுங்கள், அதற்கு மேல் அது காட்டாது. எங்களைப் போல விழாவை நம்பிய கடைக்கு மூன்று மாதக் கணக்கு எதையும் சொல்லாது. மார்ச்சில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு தைப்பூசமும் சேர்ந்து தெரியும். தேடலில் பலமுறை தோன்றியும் யாரும் தட்டாத பக்கம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் தலைப்பில்தான் கோளாறு இருக்கும்.

ஆனால் எனக்குக் கன்சோலைவிட உதவியது பில் புத்தகத்தின் பின்னட்டை. ஒரு வாரம் போனில் என்ன கேட்டாலும் அதில் குறிக்கச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பால்குடம் வாங்கினால் பாலும் தருவீர்களா? அலகு வேல் சின்னப் பிள்ளைக்கு உண்டா? முந்தின நாள் ராத்திரி கடை எத்தனை மணி வரை? ஒன்றுக்கும் எங்கள் அகப்பக்கத்தில் பதில் இல்லை. பால்குடப் பக்கம் இப்படித் தொடங்கியது: 'வாடிக்கையாளர்களின் ஆன்மீகத் தேவைகளை நிறைவு செய்வதில் நாங்கள் பெருமை கொள்கிறோம்.' அதை எழுதியவள் நான்தான். அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'பித்தளைக் குடமும் எவர்சில்வர் குடமும் இருக்கின்றன. குடத்தோடு மஞ்சள் துணி, மாவிலை, தேங்காய், கயிறு தருவோம். பால் நீங்கள் கொண்டுவர வேண்டும். பூசத்துக்கு முந்தின நாள் இரவு 11 மணி வரை கடை திறந்திருக்கும்.' இப்போது அந்தக் கேள்விகளுக்காகப் போன் வருவது மிகவும் குறைந்துவிட்டது.

வருடத்துக்கு ஒரு தைப்பூசப் பக்கம் போட்டதும் பெரிய தவறு. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1 என்று தேதி மாறிக்கொண்டே இருக்கும். பழைய பக்கத்தில் இறங்குகிறவர் பழைய தேதியையும் பழைய விலையையும் பார்த்துவிட்டு வருவார். முகவரியில் ஆண்டு இல்லாத ஒரே பக்கமாக எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, பழைய முகவரிகளை 301 திருப்பலால் (பழைய முகவரியைத் தட்டுகிறவரைத் தானாகவே புதியதற்குக் கொண்டுபோகும் ஏற்பாடு) அதற்கு அனுப்புங்கள். வெறுமனே அழித்துவிடாதீர்கள். அந்த முகவரிகளை வாட்சாப்பில் சேமித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

தமிழில் பழைய பக்கம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது இன்றைய கைப்பேசியில் கோணல் குறிகளாகத்தான் தெரியும். படமாகப் போட்ட விலைப்பட்டியலில் உள்ள சொற்களைத் தேடலில் பிடிப்பது கடினம். நம் மலேசிய மண்ணில் பிறந்த முரசு அஞ்சல் போன்ற தமிழ் அடிக்கும் செயலிகள் இருக்கும்போது இதை யூனிகோடில் அடித்துக் கொடுக்க ஓர் இரவு போதும். எனக்கு இரண்டு இரவு ஆனது, பட்டியல் நீளம்.

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அத்தை எங்கே தடுக்கினாரோ அங்கெல்லாம் வாக்கியத்தை உடைத்தேன்.

வழி சொல்லும் பக்கத்தின் முதல் வரி இப்போது 'பெர்ரியில் கார் ஏற்ற முடியாது, பாலம் வழியாக வாருங்கள்'. கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கிறது. சுங்கை பட்டாணி அம்மாவுக்கு அதை அனுப்பி வைத்தேன். "நல்லதும்மா. அப்படியே தேர் வர்ற அன்னிக்கு எந்த ரோட்ட அடைப்பாங்கன்னும் போட்ருங்க" என்று பதில் வந்தது. எக்செல் தாளில் அதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.