கன்சோல் வாங்கும்போது செய்யும் தவறுகள்: பெட்டியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

போன பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பாலக்கோட்டிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ள, பி.எஸ்.5 நல்லதா, எக்ஸ்பாக்ஸ் நல்லதா? நாளைக்கு ஒரு வேலையா பெங்களூரு போறேன், அப்படியே வாங்கிட்டு வந்துடலாம்னு இருக்கேன்."

சோனியின் பிளேஸ்டேஷன் 5-ம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் பெட்டிகள், கன்சோல் என்பார்கள். யாருக்கு என்று கேட்டேன். "புள்ளைங்களுக்குத்தான்." பெரியவன் கோவையில் விடுதியில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. சின்னவள் ஆறாம் வகுப்பு. டிவி 32 இன்ச், ஏழெட்டு வருஷப் பழசு. நெட்? "போன்ல வர்றதுதான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி."

"பெங்களூரு போயிட்டு வாங்க மாமா. பெட்டி மட்டும் இப்ப வேண்டாம்" என்றேன்.

தருமபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கெட்டுப்போன கன்சோலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைவிட, புதுசாக வாங்கிவிட்டு "இதுல ஒண்ணும் ஆட முடியலையே" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பெட்டியில் கோளாறே இருக்காது. வாங்குவதற்கு முன் வீட்டில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

"எது பெஸ்ட்?" என்று தொடங்குவது

எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாடு வாங்கப் போகிறவர்கூட பாலுக்கா, உழவுக்கா என்று முடிவு செய்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். கன்சோல் விஷயத்தில் மட்டும் யாருக்கு, எதற்கு என்று யோசிக்காமல் விலையையும் கிராபிக்ஸையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக ஆடுவதில்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்றொரு கேம் உண்டு. படமே கிடையாது, வெறும் எழுத்துதான், ஆனால் பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடலாம். அதில் வந்து ஆடியவர்களைப் பார்த்த அனுபவத்தில் பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஆட்டக்காரர்களை நாலு வகையாகப் பிரித்தார்: புள்ளியும் பரிசும் சேர்ப்பவர்கள், அந்த உலகத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள், மற்றவர்களோடு பழக வருபவர்கள், எதிராளியை அடித்து வீழ்த்துவதில் ருசி காண்பவர்கள். ஒரே ஆள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. அதனால் இதை ரேஷன் கார்டு மாதிரி ஆளுக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள நல்ல கணக்கு.

என் அண்ணன் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரையே சுற்றி வரக்கூடிய ஜிடிஏ 5 கேமில், தொடக்கத்தில் கட்டாயமானதைத் தாண்டி அவன் ஒரு மிஷனைக்கூட முடித்ததில்லை. ஒரு லாரியைப் பிடித்து, சிக்னலுக்கு நின்று, மலைப்பாதையில் ஏறி, கடற்கரையில் நிறுத்திவிட்டு சூரியன் மறைவதைப் பார்ப்பான். அவன் சுற்றிப் பார்க்கிற ஜாதி. திறந்த உலகமாக, பெரிதாக, தனியாக ஆடுகிற கேம் இரண்டு இருந்தால் அவனுக்கு ஒரு வருஷம் ஓடும். அவனுடைய நண்பன் ஒருவன் காவேரிப்பட்டணத்திலிருந்து வருவான். அவனுக்குக் கால்பந்து கேமும் பக்கத்தில் கத்துவதற்கு ஒரு ஆளும் போதும், தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டியை வாங்கித் தரலாம். கேம், ஜாய்ஸ்டிக், நெட் என்று அதோடு சேர வேண்டியதெல்லாம் வேறு வேறு.

இரண்டு பேர் ஆடலாம் என்று நம்புவது

மே மாதம் லீவுக்கு அக்கா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் வந்து சேருகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்த வீடுகளுக்கு முதல் தேவை ஒரே டிவியில் சேர்ந்து ஆடுவது. தொண்ணூறுகளில் மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு ஆடியவர்கள், இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்தால் எல்லா கேமையும் இரண்டு பேர் ஆடலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள். இப்போது வரும் பெரிய கேம்கள் பலவற்றை ஒரே டிவியில் ஒருவர் மட்டுமே ஆட முடியும். சேர்ந்து ஆடும் வசதி இருந்தாலும் ஆளுக்கொரு கன்சோல், ஆளுக்கொரு டிவி, நடுவில் நெட்.

டிஸ்க் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆடுவோர் எண்ணிக்கை ஓரிடத்தில் இருக்கும், நெட்டில் ஆடுவோர் எண்ணிக்கை தனியாக இருக்கும். முதல் இடத்தில் 1 என்று மட்டும் இருந்தால் அந்த கேம் கூட்டு வீட்டுக்கு ஆகாது. கிரிக்கெட் 24, கால்பந்து கேமான இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி, சண்டை கேமான டெக்கன் 8 போன்றவற்றில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். இட் டேக்ஸ் டூ என்று ஒன்று 2021-ல் வந்தது. அதை இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. கணவன் மனைவி ஆடிப் பார்க்கலாம், சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

பெட்டியோடு ஒரு ஜாய்ஸ்டிக்தான் வரும். 2021-ல் பி.எஸ்.5 இந்தியாவுக்கு வந்தபோது இன்னொன்றின் விலை 5,990 ரூபாய். "பழைய பி.எஸ்.4 ஜாய்ஸ்டிக் இருக்கே" என்பார்கள். அதைப் பி.எஸ்.5-ல் மாட்டினால் பி.எஸ்.4 கேம் மட்டும் ஓடும், பி.எஸ்.5 கேம் ஓடாது. நின்டெண்டோ கம்பெனியின் சுவிட்ச் கன்சோலில் இந்தச் செலவு குறைவு. பெட்டியோடு வரும் ஜாய்கான் என்ற இரண்டு சின்ன ஜாய்ஸ்டிக்கையும் பிரித்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விலை குறைவு என்று சுவிட்ச் லைட் என்ற மாடலை வாங்கிவிடாதீர்கள், அதை டிவியில் இணைக்கவே முடியாது.

டிஸ்க் டிரைவ் இல்லாததை விலை குறைவு என்று வாங்குவது

நம் மாவட்டத்தில் நான் பார்த்த தவறுகளில் அதிகம் காசைக் கரைப்பது இதுதான்.

டிஸ்க் டிரைவ் இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. வெள்ளையாக, சின்னதாக, பார்க்க அழகாக இருக்கும். அதேபோல டிரைவ் இல்லாத பி.எஸ்.5 டிஜிட்டலும் 2021-ல் டிஸ்க் உள்ளதைவிடப் பத்தாயிரம் ரூபாய் குறைவாக, 39,990-க்கு வந்தது. ஓசூரில் ஃபைபர் நெட் வைத்திருப்பவருக்கு அந்த விலைக்கு இரண்டும் நல்ல பேரம். 40 எம்பிபிஎஸ் வேகம் ஒழுங்காகக் கிடைத்தால் 100 ஜிபி கேம் ஐந்தரை மணி நேரத்தில் இறங்கிவிடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார்.

இதையே பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போன் நெட்டை நம்பி வாங்கினால்? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. 100 ஜிபிக்கு 67 நாள். அதுவும் அந்த 67 நாளும் வீட்டில் ஒருத்தரும் யூடியூப் பார்க்கக் கூடாது. மாமாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

டிஸ்க் இருந்தால் வேறு வசதியும் உண்டு. ஆடி முடித்ததை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து டிஜிட்டலாக வாங்கிய கேம் வாங்கியவரின் ஆன்லைன் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும், நண்பனுக்குக் கொடுக்க முடியாது. டிரைவ் இல்லாத 2020 மாடல் பி.எஸ்.5-ல் பின்னால் டிரைவ் சேர்க்க வழியே இல்லை. 2023 கடைசியில் வந்த ஸ்லிம்மில் தனியாக மாட்டலாம், ஆனால் முதல் தடவை மாட்டும்போது நெட் கட்டாயம்.

டிஸ்க் இருந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பி.எஸ்.5-ல் டிஸ்க்கைப் போட்டாலும் கேம் முழுசாக உள்ளே ஏறித்தான் ஓடும், இடத்தையும் பிடிக்கும். சீரிஸ் எஸ்ஸில் 512 ஜிபி என்று போட்டிருக்கும், கைக்கு வருவது சுமார் 364. மூன்று பெரிய கேம் வைத்தால் நாலாவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டும். உடனே சாதாரண யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டுவார்கள். பி.எஸ்.5 கேமை அதில் எடுத்து வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. இப்படி வாங்கிய ஹார்டு டிஸ்க் இரண்டு என் கடைக்கே திரும்பி வந்து, சிசிடிவி ரெக்கார்டிங்குக்குப் போனது.

சில கேம்கள் டிஸ்க்கில் இருந்தாலும் நெட் இல்லாமல் நகராது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேம் அப்படி ஒன்று. 2022 மார்ச்சில் அதன் சர்வர் ஒரு நாளுக்கு மேல் படுத்துக்கொண்டபோது உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட பெரும்பகுதியை ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-லும் சில கேம்களின் கார்டில் சாவி மட்டும்தான் இருக்கும், கேமை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். அட்டையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

டிவியை மறந்துவிடுவது

4கே டிவி இல்லாமல் பி.எஸ்.5 ஓடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும் பழைய எல்இடி டிவியிலும் ஓடும். பெட்டி கொடுக்கும் முழுத் தரம் தெரியாது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கிரிக்கெட்டில் எல்லாப் பந்தும் போல்டு ஆகிறதாம், ஜாய்ஸ்டிக் கோளாறாம். அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் மட்டை சுழல்கிறது, அதற்குள் பந்து ஸ்டம்பைத் தாண்டிவிடுகிறது. டிவி படத்தை அழகாக்குகிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிக் காட்டிக்கொண்டிருந்தது, அந்தத் தாமதம்தான். செட்டிங்கில் கேம் மோடைப் போட்டேன். அடுத்த ஓவரில் இரண்டு பவுண்டரி. நான் வாங்கிய கூலி ஒரு டம்ளர் மோர்.

துணி போர்த்துவதும், கரண்ட்டை நம்புவதும்

பூ வேலை செய்த துணியை டிவிக்குப் போட்டு, மிச்சத்தில் கன்சோலுக்கும் தைத்துப் போர்த்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அணைத்த பிறகு போர்த்துங்கள், சந்தோஷம். ஓடும்போது போர்த்தினாலோ, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தாலோ ஏப்ரல் வெயிலில் அது ஒரு மணி நேரம் தாங்காது. சூடு வெளியே போகப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பி.எஸ்.4-க்குள்ளே பவர் சப்ளை இருப்பதால் அந்த இதமான சூட்டுக்குக் கரப்பான் குடியேறும். திறந்து பார்த்தால் சாப்பாடு இறங்காது.

அப்புறம் கரண்ட். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் வருவதற்குள் கன்சோல் அணைந்துவிடலாம், கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் அதுவும் போச்சு. யுபிஎஸ் பக்கம் மாற்றி வையுங்கள். ஆடி முடித்ததும் பாதித் தூக்கமான ரெஸ்ட் மோடில் விடாமல் முழுசாக அணைத்துவிடுவதும் நல்லது.

பில் இல்லாமல், பார்க்காமல் வாங்குவது

இதில் நானே அடிவாங்கியவன். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை, சுவிட்ச் எல்லாம் வெளியிலிருந்து வருகிற சரக்கு. பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். துண்டுச் சீட்டில் "ஒரு வருஷம் வாரண்டி" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் ஜாய்கான் தானாக இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சீட்டை எடுத்துக்கொண்டு போனால் அங்கே மோமோ விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளேட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கை நானே மாற்றக் கற்றுக்கொண்டேன்.

பழசு வாங்குவது தப்பில்லை. கையில் ஒரு டிஸ்க் எடுத்துப் போங்கள், போட்டுப் பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள், கம்பெனி தடை செய்த பெட்டி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கனமான கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் இருக்கும்போது ஆள் தானாக நடந்தால் விலையைக் குறையுங்கள். "நூறு கேம் ஏத்தித் தர்றோம்" என்று திருட்டுக் காப்பி விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

குழந்தை ஆடப் போகிறது என்றால் அட்டையில் இருக்கும் வயதைப் பாருங்கள். ஜிடிஏ 18 வயதுக்கு மேல். டெபிட் கார்டைக் கன்சோலில் சேமித்து வைக்காதீர்கள். இவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

மாமா கடைசியில் ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பையனிடமிருந்து பழைய பி.எஸ்.4 ஸ்லிம் வாங்கினார். இரண்டு ஜாய்ஸ்டிக், கிரிக்கெட் 24 டிஸ்க், இன்னும் இரண்டு டிஸ்க். புது கேம்கள் பல இனி அதில் வராது என்று சொன்னேன், பரவாயில்லை என்றார். பெரியவன் வரும்போது தங்கையோடு ஆடுகிறான். மற்ற நாளில் பெட்டி சும்மா இருக்கும் என்று நினைத்தேன். போன வாரம் ராத்திரி பத்தரைக்கு மாமாவிடமிருந்து போன். என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தால், "மாப்ள, யார்க்கர் போட்டா எந்தப் பட்டனை அமுக்கணும்? சின்னவ சொல்ல மாட்டேங்கறா."

யாருக்கு என்று அன்றைக்குக் கேட்டபோது அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை.