பெட்டியிலேயே மழுங்கும் அரங்கள்

வீட்டு மாடியில் ஒரு மேசையும், பொருளைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸும் போட்டுப் பட்டறை தொடங்கியவர்கள் சில மாதங்களில் வந்து, "அரம் கடிக்கவே மாட்டேன் என்கிறது சார், போலிச் சரக்கோ?" என்று கேட்கிறார்கள். அரம் எங்கே கிடக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அரத்தால் நெம்பாதே, சுத்தியல்போல் அடிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைப்பது

அண்மையில் ஓர் இளைஞர் தன் அரங்களை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் படியேறும் முன்பே டின்னின் சத்தம் ஏறி வந்துவிட்டது. ஒவ்வொரு கலகலப்பிலும் சில பற்கள் போகின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை.

அரம் கார்பன் மிகுந்த எஃகில் செய்து, பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டது. அந்தக் கடினத்தின் மறுபக்கம், எளிதில் நொறுங்கும் தன்மை. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மற்ற இரும்புச் சாமான்கள் அதன் முன் பெரும்பாலும் மெத்தென்றவை. அதற்கு ஈடான எதிரி இன்னோர் அரம்தான். இரண்டும் உரசினால் இரண்டின் பல்முனையும் உதிரும்.

அவருடைய தட்டை அரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். கூரான பல்முனை மின்னாது. ஒடிந்த முனை வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். ராவித் தேய்ந்த அரத்தில் அந்தப் புள்ளிகள் நடுப்பகுதி முழுக்கப் பரவியிருக்கும். இதிலோ ஒரே சாய்ந்த கோடாக ஓடின. அரைவட்ட அரம் அதன்மேல் கிடந்த தடம் அது.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இதற்குப் பிறகு நடப்பது. அரம் வழுக்குகிறதே என்று உடல் எடையெல்லாம் போட்டு அழுத்துகிறார்கள். கை ஆடுகிறது, ராவிய பரப்பு நடுவில் மேடாகி ஓரங்களில் சரிகிறது. தனக்குக் கைவரவில்லை என்று மனம் நொந்து, புது அரம் வாங்கி, அதையும் அதே டின்னில் போடுகிறார்கள்!

மரக்கட்டையில் பள்ளம் வெட்டி நிறுத்துங்கள். முடியாவிட்டால் மிச்சமான பிவிசி குழாயைத் துண்டுபோட்டு, ஓர் அரத்துக்கு ஒரு குழாய் கொடுங்கள். அறை அறையாகத் தைத்த கான்வாஸ் சுருளும் நல்லதுதான், ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால். தோல் உறை பார்க்க அழகு. ஆனால் பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து துருவை வரவழைக்கும்.

எண்ணெயில் ஊறப்போடுவது

சென்னை போன்ற கடலோர ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துருவுக்குக் கொண்டாட்டம். பல்லின் மெல்லிய முனையைத்தான் அது முதலில் தின்னும். அதற்குப் பயந்து சமையலறை எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது நாளடைவில் பிசினாகி, துகளையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாள் எடுக்காத அரத்துக்கு மட்டும் மெல்லிய மெஷின் எண்ணெயைத் துணியால் தடவுங்கள். எடுக்கும்போது சாக்பீஸ் தேய்த்துப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் எண்ணெய் போய்விடும். மற்றவற்றுக்குப் பெட்டியில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போதும். பற்களில் விரல் படுவதையும் குறையுங்கள், வியர்வையும் உப்புதானே.

வைஸில் தட்டித் துகள் உதிர்ப்பது

வேண்டாம். வைஸின் தாடையும் கடினமாக்கப்பட்டதுதான்.

துகளோடு எடுத்து வைப்பது

அலுமினியத் துகள் பற்களின் இடுக்கில் அப்பிக்கொண்டு, அடுத்த வேலையில் நீளக் கீறல் போடும். ராவும் முன்பே சாக்பீஸ் தேய்த்தால் ஒட்டுவது குறையும். கம்பி பிரஷ்ஷைப் பல்வரிசையின் போக்கிலேயே ஓட்டுங்கள். அதற்கும் அசையாத துகளுக்கு ஒரு பித்தளைத் தகட்டுத் துண்டு போதும்: அதன் விளிம்பைப் பல்வரிசையோடு அழுத்தித் தள்ளினால், சில தள்ளலில் விளிம்பே பல் பல்லாகச் செதுங்கி, இடுக்கின் அடிவரை இறங்கித் துகளைப் பெயர்த்துவிடும்.

பித்தளைக்கும் இரும்புக்கும் ஒரே அரம்

புது அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வழுக்கத் தொடங்கியபின் இரும்புக்கு மாற்றலாம், திரும்பப் பித்தளைக்கு உதவாது. பித்தளை அரத்தின் பிடியில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டால் குழப்பமில்லை.

பிடி போடாத அரம்

பிடிக்குள் செருகவேண்டிய கூர்வால் உள்ளங்கையில் இறங்கும்.

இரவல்

கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், மறுக்க முடியாது என்றால், பழையதாகப் பார்த்துக் கொடுங்கள், குழாயோடு.